பேக்ட்ரேஸ் காட்டும் ஆர்க்யுமென்ட், அனுப்பிய ஆர்க்யுமென்ட்தானா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் நீங்கள் எழுதிய எடைமேடை புரோகிராம் ஓடுகிறது. சில வண்டிகளுக்கு மட்டும் சீட்டு அச்சிடும்போது விழுந்துவிடுகிறது. கோர் ஃபைலை (விழுந்த நொடியில் புரோகிராமின் மெமரி நகல்) ஜிடிபி என்ற டீபக்கரில், அதாவது பிழை தேடும் கருவியில் திறந்து பேக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுத்தீர்கள். வண்டியில் 52 மூட்டை இருந்தும் சீட்டு அச்சிடும் ஃபங்ஷனில் மூட்டை 0 என்று காட்டுகிறது, ரெக் என்ற பாயின்டருக்கு (மெமரியில் ஒரு பதிவின் முகவரி) எதிரே ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று வருகிறது. “பூஜ்யத்தை அனுப்பியது யார், ரெக் எங்கே போனது?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: விழுந்த புரோகிராமின் பேக்ட்ரேஸில் அடைப்புக்குறிக்குள் வருகிற மதிப்பு, அதாவது ஆர்க்யுமென்ட், அந்த ஃபங்ஷனை அழைத்தபோது அனுப்பிய மதிப்புதானா? அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் தானாக வந்துவிடும். அதனால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் சி மொழியில் புரோகிராம் எழுதிப் பராமரிப்பதுதான் என் தொழில். விழுந்த இடத்தில் நான் இருப்பது அரிது. கைக்கு வருவது பெரும்பாலும் ஒரு கோர் ஃபைல் மட்டும்தான். அதை வைத்துப் பழகியதைச் சொல்கிறேன்.

நேரடிப் பதில்: அனுப்பிய மதிப்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டீபக்கர் காட்டுவது, புரோகிராம் நின்ற நொடியில் அந்தப் பெயருக்கு உரிய இடத்தில் என்ன இருக்கிறது என்பதை. அழைத்த நொடியில் அங்கே என்ன இருந்தது என்பது வேறு விஷயம். சி மொழியில் ஆர்க்யுமென்ட் என்பது அழைக்கப்பட்ட ஃபங்ஷனுக்குச் சொந்தமான ஒரு சாதாரண வேரியபிள். அதை அந்த ஃபங்ஷன் கூட்டலாம், குறைக்கலாம், வேலை முடிந்ததும் அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடலாம். நீங்கள் விவரித்ததை வைத்துப் பார்த்தால், சீட்டில் மூட்டைக்கு ஒரு வரியாக எடை அச்சாகிறது, கடைசியில் ஓட்டுநர் பெயர் வருகிறது. விழுந்தது பெயரில். அதற்குள் மூட்டை வரிகள் எல்லாம் அச்சாகிவிட்டன. அந்த லூப் மூட்டையை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போகிற லூப்பாக இருந்தால், பூஜ்யத்தை யாரும் அனுப்பவில்லை. 52 தேய்ந்து பூஜ்யமாகியிருக்கிறது. உங்கள் சோர்ஸில் அந்த இடத்தை நான் பார்க்கவில்லை என்பதால் ‘இருந்தால்’ என்று சொல்கிறேன். பார்த்தால் ஒரு நிமிட வேலை.

ஆர்க்யுமென்ட் எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், இதில்தான் எல்லாம் இருக்கிறது. உங்கள் பெட்டி 64 பிட் இன்டெல், லினக்ஸ். அங்கே முழு எண்ணும் பாயின்டரும் வரிசையாக ஆறு ரெஜிஸ்டர்களில் (ப்ராசஸருக்குள் இருக்கும் சின்ன இடங்கள்) போகும்: ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்8, ஆர்9. ஏழாவதிலிருந்து ஸ்டாக்கில், அதாவது ஒவ்வொரு அழைப்புக்கும் மெமரியில் ஒதுக்கும் இடத்தில். டபுள், ஃப்ளோட் என்ற தசம எண்கள் இரண்டுக்கும் தனி வரிசை உண்டு, எக்ஸ்எம்எம்0 முதல் 7 வரை. உங்கள் ஃபங்ஷனுக்கு மூன்று ஆர்க்யுமென்ட்: ரெக், மூட்டை, ஈரப்பதம். ஈரப்பதம் டபுள். மூன்றாவதுதானே என்று அதை ஆர்டிஎக்ஸில் தேடினால் கிடைக்காது, அது டபுள்களில் முதலாவது, எக்ஸ்எம்எம்0-இல் போயிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிற இடம் இது.

இந்த ஆறு ரெஜிஸ்டர்களும் அழைக்கப்பட்டவன் தாராளமாக அழிக்கக்கூடியவை. உள்ளே இன்னொரு ஃபங்ஷனை அழைத்ததுமே அவற்றில் இருந்தது போய்விட்டதாகத்தான் கொள்ள வேண்டும். பிற்பாடு வேண்டுமென்றால் கம்பைலர் முன்கூட்டியே அதை ஸ்டாக்கிலோ, அழைக்கப்பட்டவன் காப்பாற்றித் திருப்பித் தர வேண்டிய ரெஜிஸ்டர்களிலோ எடுத்து வைக்கும். அவை ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை. பிற்பாடு வேண்டாம் என்றால் எடுத்து வைக்காது. ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்பதற்கு முழுப் பொருள் இதுதான்: இந்த வரியில் அந்த மதிப்பு எங்கும் இல்லை, ஏனென்றால் இதற்குமேல் யாருக்கும் அது தேவைப்படவில்லை. புரோகிராம் கெட்டுப்போனதற்கான அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் ஃபங்ஷனில் ரெக்கை வைத்துச் செய்த கடைசி வேலை ஓட்டுநர் பெயரை எடுத்தது. எடுத்தாகிவிட்டது, ரெக்கின் இடம் காலி.

ஈரப்பதம் 16.4 என்று காட்டுகிறதே, அதை நம்பலாமா என்றால், நம்பலாம். லினக்ஸ் விதிப்படி எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர் ஒன்றுகூடக் காப்பாற்றப்படாது. அதனால் உள்ளே அழைப்புகள் நடந்த பிறகும் டீபக்கர் ஒரு மதிப்பைச் சொல்கிறது என்றால் அது ஸ்டாக்கிலிருந்து படித்தது. எண்ணும் கொள்முதலில் வழக்கமாகப் பார்க்கும் 17 சதவீத வரம்புக்குள் இயல்பாக இருக்கிறது. குப்பை டபுள் இப்படி வராது. ஒரு பாயின்டரை டபுளாகப் படித்தால் பத்தின் அடுக்கு மைனஸ் 310 என்கிற அளவில் ஓர் எண் வரும். ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் பேக்ட்ரேஸை மேலிருந்து பார்க்கலாம். அதில் ஒவ்வொரு அழைப்பும் ஒரு ஃப்ரேம். 0-ஆவது ஃப்ரேம் ஸ்ட்ரிங்கின் நீளம் பார்க்கும் ஸ்டிரெலென், அது சிஸ்டம் லைப்ரரியில் இருக்கிறது. 1-ஆவது சீட்டு அச்சிடும் ஃபங்ஷன், ஆர்க்யுமென்டுகளோடும் வரி எண்ணோடும். 2-ஆவது எடை முடிந்ததும் ஓடும் ஃபங்ஷன், வெறும் அடைப்புக்குறி, வரி எண் இல்லை. 3-ஆவது மெயின். விழுந்தது 0-இல் என்பதால் குற்றம் அங்கே என்று ஆகிவிடாது. கடைமடையில் தண்ணீர் ஏறவில்லை என்றால் வாய்க்காலோடு மேலே நடந்து எந்த மதகில் நின்றது என்று பார்ப்போமே, அப்படி ஒவ்வொரு ஃப்ரேமாக மேலே போக வேண்டும். ‘அப்’ என்ற கட்டளை அதற்குத்தான். ஃப்ரேம் எண் கூடுவதைத்தான் மேலே போவது என்கிறேன்.

2-ஆவது ஃப்ரேமின் வெறும் அடைப்புக்குறியைப் பார்த்து அந்த ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்டே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. அந்த ஃபைலை -ஜி (டீபக் தகவலைச் சேர்க்கும் ஆப்ஷன்) இல்லாமல் கம்பைல் செய்திருக்கிறீர்கள் என்பதுதான் அதன் பொருள். வரி எண் இல்லாததும் அதனால்தான். இன்னொரு விளைவும் உண்டு. ஒரு ஃபங்ஷன் எந்த மதிப்போடு அழைக்கப்பட்டது என்பதைச் சில சமயம் ஜிடிபியால் மீட்டுத் தர முடியும். பெயருக்குப் பின்னால் ‘@என்ட்ரி’ என்று போட்டுக் காட்டும். ஆனால் அதற்கான குறிப்பு அழைத்தவனின் டீபக் தகவலில் இருக்கிறது, அழைக்கப்பட்டவனின் தகவலில் இல்லை. ஜிசிசி கம்பைலர் இதைத் தன் சொந்த நீட்டிப்பாக முதலில் செய்தது, டீபக் தகவலுக்கான தரமான ட்வார்ஃபின் 2017-இல் வந்த 5-ஆவது பதிப்பு அதைத் தரத்துக்குள் கொண்டுவந்தது. உங்கள் 2-ஆவது ஃப்ரேமுக்கு டீபக் தகவலே இல்லாதபோது 1-ஆவது ஃப்ரேமின் ‘மூட்டை@என்ட்ரி’ எங்கிருந்து வரும்? அந்த ஃபைலையும் -ஜி போட்டுக் கம்பைல் செய்து, ‘செட் பிரின்ட் என்ட்ரி-வேல்யூஸ் போத்’ என்று கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை விழுந்தால் இரண்டு மதிப்பும் பக்கத்தில் பக்கத்தில் வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. -ஜி போடுவதால் ஓடும் வேகம் குறையாது, ஃபைல்தான் பெரிதாகும்.

அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. கையில் இருக்கும் கோரிலேயே பார்க்கலாம். ‘ஃப்ரேம் 2’ என்று போய் ‘டிஸ்அசெம்பிள்’ கொடுங்கள், ப்ராசஸர் ஓட்டும் கட்டளைகளை வரிவரியாகக் காட்டும். அம்புக்குறி நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே ‘கால்’ கட்டளை இருக்கும். அதற்கும் மேலே நான்கைந்து வரிக்குள் ஆர்டிஐயையும் ஆர்எஸ்ஐயையும் நிரப்பும் கட்டளைகள் இருக்கும். ஆர்டிஐக்குள் ஆர்பிஎக்ஸிலிருந்து நகல் போகிறது என்று வையுங்கள். அப்படியானால் 2-ஆவது ஃப்ரேமில் நின்றபடியே ஆர்பிஎக்ஸை அச்சிட்டால் அதுதான் ரெக். ஆர்பிஎக்ஸ் காப்பாற்றப்படும் ரெஜிஸ்டர். 1-ஆவது ஃப்ரேம் அதைத் தொடுவதற்கு முன் ஸ்டாக்கில் போட்டு வைத்திருக்கும், எங்கே போட்டது என்ற விவரம் -ஜி இல்லாவிட்டாலும் பைனரியின் இஎச் ஃப்ரேம் பகுதியில் இருக்கும், ஜிடிபி அதை வைத்துப் பழைய மதிப்பை எடுத்துத் தரும். ரெக்கின் டைப் 1-ஆவது ஃப்ரேமின் ஃபைலில் இருப்பதால், அந்த எண்ணை அந்த டைப்புக்கு மாற்றி முழு ஸ்ட்ரக்சரையும் (பல உறுப்புகள் சேர்ந்த பதிவு) அச்சிடலாம். மூட்டை ஸ்டாக்கிலிருந்து ஏற்றப்பட்டிருந்தால் அந்த ஸ்டாக் இடத்தைப் படியுங்கள். அது 2-ஆவது ஃப்ரேமின் சொந்த இடம், அந்த ஃபங்ஷன் காத்துக்கொண்டு நிற்கிறது, வேறு யாரும் மேலே எழுதாதவரை 52 அங்கேயே இருக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது, நன்றாகத் தெரிந்தவர்களும் விழுவார்கள். 2-ஆவது ஃப்ரேமில் நின்றுகொண்டு ஆர்டிஐயை அச்சிட்டால் ஓர் எண் வரும். அது 2-ஆவது ஃப்ரேமின் ஆர்டிஐ இல்லை, பெரும்பாலும் 0-ஆவது ஃப்ரேமில் இருக்கிற அதே எண்தான். காப்பாற்றப்படாத ரெஜிஸ்டருக்கு மீட்க எதுவும் இல்லாததால் உள்ளே இருப்பதையே டீபக்கர் காட்டிவிடும். மேல் ஃப்ரேம்களில் நம்ப வேண்டியது காப்பாற்றப்படும் ரெஜிஸ்டர்களையும் ஸ்டாக்கையும் மட்டும். ஆர்டிஐ முதலான ஆறையும் 0-ஆவது ஃப்ரேமில் மட்டும் பாருங்கள். அங்கேயும் அந்த ஃபங்ஷன் இதற்குள் அவற்றை மாற்றிவிட்டதா என்று முதல் கட்டளையிலிருந்து படித்துக்கொண்டு வந்து உறுதி செய்யுங்கள். ஆர்பிஎக்ஸுக்குப் பதில் ஆர்ஏஎக்ஸிலிருந்து, அதாவது வேறொரு ஃபங்ஷன் திருப்பித் தந்ததை நேராக ஆர்டிஐக்குள் போட்டிருந்தால், அந்த மதிப்பு உண்மையிலேயே போய்விட்டது. அப்போது உங்கள் வண்டிப் பட்டியல் குளோபலாக இருந்தால் அது வழியாகத்தான் ரெக்கைத் தேட வேண்டும்.

சரி, இந்த முறை 0-ஆவது ஃப்ரேமின் ஆர்டிஐதான் முக்கியமான சாட்சி. ஸ்டிரெலெனுக்கு ஒரே ஆர்க்யுமென்ட், அது ஆர்டிஐயில் இருக்கிறது. நீங்கள் ஒட்டிய வெளியீட்டில் விழுந்த கட்டளை ஆர்டிஐ காட்டும் இடத்திலிருந்து செய்த முதல் வாசிப்பு, ஆர்டிஐ இன்னும் தொடப்படவில்லை. ஆக அது அனுப்பிய மதிப்பேதான். அந்த எண்ணை ஹெக்ஸில் பார்த்து “ஏதோ குப்பை” என்று விட்டுவிட்டீர்கள். அதைக் கீழ் பைட்டிலிருந்து மேலாக, மெமரியில் இருக்கும் வரிசையில், சாதாரண எண்ணாக எழுதிப் பாருங்கள்: 159, 224, 175, 129, 224, 174, 170, 224. நடுவில் 224 திரும்பத் திரும்ப மூன்று பைட்டுக்கு ஒருமுறை வருகிறது, அதற்கு அடுத்து 174 அல்லது 175. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவது எழுத்துக்கேற்ப மாறும். 224, 175, 129 என்பது உகரக் குறி. 224, 174, 170 என்பது ‘ப’. உங்கள் பாயின்டருக்குள் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கிறது.

எந்த ஊர் என்றுகூடச் சொல்லலாம். விழுந்தது திருக்காட்டுப்பள்ளி வண்டிக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்ட்ரக்சரில் ஊர்ப் பெயருக்கு 32 பைட், அதற்கு அடுத்து ஓட்டுநர் பெயரின் பாயின்டர். ‘திருக்காட்டுப்பள்ளி’ என்பதில் 19 குறியீடுகள், அதாவது 57 பைட். ‘தி’ என்று கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது ‘த’வும் இகரக் குறியுமாக இரண்டு குறியீடு, ஆறு பைட். 32 பைட் தாண்டியதும் 33-ஆவது பைட் ‘ட’வின் கடைசி பைட்டான 159. அப்புறம் உகரக் குறி, ‘ப’, புள்ளியின் முதல் பைட்டான 224. 33 முதல் 40 வரையுள்ள எட்டு பைட்டும் உங்கள் ஆர்டிஐயோடு அப்படியே பொருந்துகின்றன.

‘கும்பகோணம்’ 10 குறியீடு, 30 பைட். கடைசிப் பூஜ்யத்தோடு 31, அடங்கிவிடுகிறது. ‘திருவாரூர்’ அதே 30. அந்த வண்டிகளுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இதுதான். ‘மன்னார்குடி’ 11 குறியீடு, 33 பைட், பூஜ்யத்தோடு 34. இரண்டே பைட் வழிந்து பாயின்டரின் கீழ் இரண்டு பைட்டும் 191, 0 என்று மாறிவிடும். மேல் பைட்டுகள் சரியாக இருப்பதால் அது மெமரியில் பக்கத்திலேயே வேறோர் இடத்தைக் காட்டும், புரோகிராம் விழாமல் ஓட்டுநர் பெயருக்குப் பதில் கண்ட எழுத்தும் அச்சாகும். மன்னார்குடி வண்டிகளுக்குச் சீட்டில் பெயர் கன்னாபின்னாவென்று வருகிறது, அது பிரின்டர் கோளாறாக இருக்கும் என்று கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். என் கணிப்பில் அது பிரின்டர் கோளாறு இல்லை, இதே தப்புதான். இன்னொன்று: கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டாக உடைத்தும் எழுதலாம். உடைத்து வந்தால் கும்பகோணமும் 33 பைட் ஆகிவிடும். ஒரே ஊர் ஒரு நாள் ஓடி ஒரு நாள் விழுந்தால் அதையும் பாருங்கள்.

இதில் எது நிச்சயம், எது ஊகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். பாயின்டர் இருந்த இடத்தில் தமிழ் உரை எழுதப்பட்டது நிச்சயம், எட்டு பைட்டும் தற்செயலாக இப்படிப் பொருந்தாது. ஊர்ப் பெயர் வழிந்துதான் எழுதப்பட்டது என்பது மிக வலுவான ஊகம். ‘பிடைப்’ கட்டளைக்கு ஓ ஆப்ஷன் கொடுத்தால் ஸ்ட்ரக்சரின் ஒவ்வொரு உறுப்பும் எத்தனையாவது பைட்டில் இருக்கிறது என்று காட்டும். பாயின்டர் 32-இல் தொடங்கினால் ஊகம் உறுதியாகிவிடும். இடையில் வேறு உறுப்பு ஏதாவது இருந்தால் நான் சொன்ன கணக்கு தவறு. எந்த வரி அப்படி எழுதியது என்பதை இந்தக் கோரிலிருந்து சொல்ல முடியாது. கோர் என்பது கடைசி நொடியின் படம் மட்டும். எழுதியவன் எழுதிவிட்டுத் திரும்பிப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது, அவன் ஃப்ரேம் ஸ்டாக்கில் இல்லை.

இதே இடத்தில் நிறையப் பேரைத் தப்பான வழியில் கொண்டுபோகிற ஒன்றையும் சொல்ல வேண்டும். சிக்னல் விவரத்தில் விழுந்த முகவரி 0 என்று இருப்பதைக் காட்டி “நல் பாயின்டரோ?” (எதையும் காட்டாத பூஜ்ய முகவரியோ) என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. 64 பிட் இன்டெலில் பாயின்டரின் மேல் பிட்டுகள் ஒரு குறிப்பிட்ட அமைப்பில் இருந்தால்தான் அது முகவரியாகவே ஏற்கப்படும். உங்களுடையதில் மேல் பைட் 224, அதனால் ப்ராசஸர் அதை மெமரியில் தேடாமலே நிராகரித்துவிடும். இந்த வகையில் கெர்னல் முகவரியைச் சொல்லாது, பூஜ்யம் போட்டு அனுப்பும். கெர்னல் லாகிலும் வழக்கமான செக்ஃபால்ட் வரிக்குப் பதில் ‘ஜெனரல் ப்ரொடெக்ஷன்’ என்று இருக்கும். உண்மையான நல் பாயின்டர் என்றால் ரெஜிஸ்டரிலும் 0 இருக்கும். 24, 32 மாதிரிச் சின்ன முகவரியில் விழுந்தால் நல் ஸ்ட்ரக்சரின் அந்த பைட்டில் உள்ள உறுப்பைத் தொட்டிருக்கிறது. முகவரியை மட்டும் பார்க்காமல் ரெஜிஸ்டரையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான்.

உங்கள் கேஸில் வராத சில சிக்கல்களையும் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆர்க்யுமென்டைப் படிக்கும்போது எப்போதாவது குறுக்கே வரும். ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ஐஸ்ரா, கான்ஸ்ட்ப்ராப் என்று வால் இருந்தால் ஜிசிசி அந்த ஃபங்ஷனையே மாற்றி எழுதியிருக்கிறது. சில ஆர்க்யுமென்டுகளை நீக்கியிருக்கும், சிலவற்றை மாறிலியாகப் பதித்திருக்கும், ரெஜிஸ்டர் வரிசை நீங்கள் எழுதிய வரிசையாக இருக்காது. இன்லைன் ஆன, அதாவது அழைக்கிற இடத்திலேயே விரித்து எழுதப்பட்ட ஃபங்ஷன் பேக்ட்ரேஸில் தனி ஃப்ரேமாகத் தெரியும், ஆனால் அங்கே அழைப்பே நடக்கவில்லை, அதனால் ரெஜிஸ்டர் விதி எதுவும் பொருந்தாது. சி ப்ளஸ் ப்ளஸ் மெம்பர் ஃபங்ஷனில் ஆர்டிஐ திஸ் பாயின்டருக்குப் போய்விடும், உங்கள் முதல் ஆர்க்யுமென்ட் ஆர்எஸ்ஐயில். 16 பைட்டுக்கு மேற்பட்ட ஸ்ட்ரக்சரைத் திருப்பித் தரும் ஃபங்ஷனிலும் அதே மாதிரி ஓர் இடம் தள்ளிப்போகும். ஆப்டிமைசேஷன் இல்லாத பில்டில் ஆர்க்யுமென்டுகள் ஸ்டாக்கில் பத்திரமாக இருக்கும் என்பது சரிதான், ஆனால் ஃபங்ஷனின் முதல் சில கட்டளைகள் ஓடி முடிந்த பிறகுதான். தன்னைத் தானே அழைத்துக்கொண்டே போய் 8 எம்பி ஸ்டாக்கை நிரப்பி விழுந்த புரோகிராமில் பெரும்பாலும் அந்த முதல் கட்டளைகளிலேயே நின்றிருக்கும். அப்போது 0-ஆவது ஃப்ரேம் காட்டும் ஆர்க்யுமென்ட் வெறும் குப்பை, 1-ஆவது ஃப்ரேமிலிருந்து மேலேதான் உண்மை.

ஸ்டாக்கே அழிந்திருந்தால் மேலே சொன்ன எதுவும் நிற்காது. கேள்விக்குறி ஃப்ரேம்கள், ‘கரப்ட் ஸ்டாக்’ என்ற எச்சரிக்கை, ரிட்டர்ன் முகவரியில் அதே 224, 174 வரிசை, இவற்றில் எது தெரிந்தாலும் மேல் ஃப்ரேம் ஆர்க்யுமென்டுகளை நம்பாதீர்கள். உங்கள் ரெக் ஹீப்பில், அதாவது ஸ்டாக்குக்கு வெளியே உள்ள மெமரியில் இருந்ததால் இந்த முறை ஸ்டாக் தப்பித்தது.

நீங்கள் அடுத்து வாங்கப்போவதாகச் சொன்ன சின்ன ஏஆர்எம் போர்டில் பெயர்கள் மாறும், முறை அதேதான். 64 பிட்டில் எக்ஸ்0 முதல் எக்ஸ்7 வரை ஆர்க்யுமென்ட், எக்ஸ்19 முதல் எக்ஸ்28 வரை காப்பாற்றப்படுபவை. 32 பிட்டில் ஆர்0 முதல் ஆர்3 வரை ஆர்க்யுமென்ட், மீதி ஸ்டாக்கில். விண்டோஸ் 64 பிட்டில் ஆர்சிஎக்ஸ், ஆர்டிஎக்ஸ், ஆர்8, ஆர்9 என நான்குதான். அங்கே அழைப்பவன் ஸ்டாக்கில் 32 பைட் இடம் ஒதுக்கித் தர வேண்டும், ஆனால் ஆப்டிமைஸ் செய்த பில்டில் அதற்குள் ஆர்க்யுமென்ட் இருந்தாக வேண்டும் என்றில்லை. பழைய 32 பிட் பழக்கத்தில் ஸ்டாக்கில் தெரியும் முதல் எண்களை ஆர்க்யுமென்ட் என்று படிப்பவர்கள் அங்கே ஏமாறுவார்கள்.

கோரை எடுத்து வருவதைப் பற்றியும் கொஞ்சம். சம்பா அறுவடை நேரத்தில் ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது அங்கேயே உட்கார்ந்து டீபக் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. புரோகிராமைத் திரும்ப ஓடவிட்டுக் கோரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பல லினக்ஸ்களில் கோர் அளவு வரம்பு பூஜ்யமாகவே இருக்கும், ‘யூலிமிட் -சி அன்லிமிடெட்’ என்று முன்பே வைத்துவிடுங்கள். கோரோடு சேர்த்து அங்கே ஓடிய அதே பைனரியையும், அங்கே இருந்த சிஸ்டம் லைப்ரரி ஃபைல்களையும் நகல் எடுங்கள். அலுவலகத்தில் மறுபடி கம்பைல் செய்த பைனரியோடு ஆலையில் எடுத்த கோரைத் திறந்தால் ஜிடிபி கூசாமல் ஏதோ ஒரு பேக்ட்ரேஸைக் காட்டும், வரி எண்ணும் ஆர்க்யுமென்டும் எல்லாம் தப்பாக. பில்டு ஐடி (பைனரியின் அடையாள எண்) இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கோருக்குள் விவசாயிகளின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் அப்படியே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். தயவுசெய்து முழுக் கோரை யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

எழுதிய வரியைப் பிடிக்க எளிய வழி: அலுவலகக் கம்ப்யூட்டரில் மெமரி எல்லை மீறலைப் பிடிக்கும் ‘எஃப்சானிடைஸ் அட்ரஸ்’ ஆப்ஷனோடும், ஆப்டிமைசேஷன் அளவை -ஓ2-க்குப் பதில் டீபக்குக்கு ஏற்ற -ஓஜி என்று வைத்தும் கம்பைல் செய்து, திருக்காட்டுப்பள்ளி என்று ஒரு வண்டியைப் பதியுங்கள். இரண்டும் 2013-இல் வந்த ஜிசிசி 4.8 முதலே இருக்கின்றன. 57 பைட் எழுதினால் உங்கள் ஸ்ட்ரக்சரின் எல்லையையே தாண்டும் என்றால், தாண்டிய அதே வரியில் நிறுத்திவிடும். ஸ்ட்ரக்சர் அதைவிடப் பெரிதாக இருந்து வழிந்தது உள்ளேயே அடங்கிவிட்டால் சானிடைசர் பிடிக்காமல் போகலாம், அது ஸ்ட்ரக்சருக்கு வெளியே போவதைத்தான் காவல் காக்கிறது. அப்போது ஓட்டுநர் பாயின்டர் இருக்கும் முகவரி மேல் ஜிடிபியில் ஒரு வாட்ச் போட்டு ஓடவிடுங்கள், மாற்றுகிறவன் கையும் களவுமாக நிற்பான். திருத்தும்போது 32-ஐ 64 ஆக்கிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், 64-ஐயும் தாண்டுகிற ஊர்ப் பெயர் ஒரு நாள் வரும். பைட் கணக்கில் எல்லை வைத்து நகல் எடுங்கள், வெட்ட வேண்டி வந்தால் மூன்று பைட் குறியீட்டின் நடுவில் வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘பிடைப்’ வெளியீட்டையும், 2-ஆவது ஃப்ரேமின் டிஸ்அசெம்பிளியில் அந்த ‘கால்’ கட்டளைக்கு மேலுள்ள பத்து வரிகளையும் இங்கே ஒட்டுங்கள். மூட்டை 52 எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதில் பார்த்துவிடலாம்.